நின்றுபோன பிள்ளைக்கு இரண்டாவது கதவு எங்கே?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் தோட்டத்தில், உங்கள் வீட்டு வரிசையில், நீங்கள் குடியிருக்கும் தாமானில், ஐந்தாம் படிவம் முடிக்காமல் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள். கோயிலுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன். மணல் லோரியில் கெலிண்டானாகப் போகும் பையன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்துவிட்ட பெண்பிள்ளை. கார் கழுவும் கடையில் நாள் கூலிக்கு நிற்கும் இரட்டையர். எண்ணி முடித்ததும் இன்னொரு கேள்வி. இவர்கள் பள்ளியை விட்டு நின்ற பிறகு, இவர்களைத் தேடி யாராவது வந்தார்களா?

வந்திருப்பார்கள். ஆனால் வந்தவர் ஆசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ இருந்திருக்க மாட்டார். ஒன்று, போலீஸ்காரராக இருந்திருப்பார். அல்லது குண்டர் கும்பலுக்கு ஆள் பிடிக்கிறவனாக இருந்திருப்பான்.

நான் ஒரு வழக்கறிஞன். சுங்கை புரோங், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். நான் பார்ப்பது கதையின் கடைசிப் பக்கத்தை. பிள்ளை கைதான பிறகுதான் வழக்கறிஞனுக்கு வேலை வருகிறது. கதையின் முதல் பக்கம் எங்கே எழுதப்பட்டது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கடிதங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய 16 வயது மகன்மீது திருட்டு வழக்கு. சிறார் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகளில் பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இடம் தராது. அது நல்ல சட்டம். ஆகவே ஊரைச் சொல்லவில்லை. நம் வட்டாரத்தில் ஏதோ ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகத் தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப சார் வெளிய வருவான்?" என்பதுதான். இந்த அம்மா அதைக் கேட்கவில்லை. "லோயர் சார், இவன் இனிமே படிக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜாமீனைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

எந்த வகுப்போடு நின்றான் என்று கேட்டேன். இரண்டாம் படிவம் என்றார். பள்ளியிலிருந்து கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டதற்கு, மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தார். அதில் மின்சார பில்களோடு சேர்ந்து மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள். மூன்றும் பள்ளிக்கு மட்டம் போட்டதற்காக வந்தவை. மூன்றும் மலாயில். அந்த அம்மாவுக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அரசாங்கக் கடிதம் என்பதால் தூக்கி எறியாமல் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருந்தார். அந்தக் கடிதங்களில் பள்ளிக்கு வந்து பேசச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். தேதி எப்போதோ போய்விட்டது.

பையன் தமிழ்ப்பள்ளியில் சுமாராகப் படித்தவன். இடைநிலைப் பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில். கடைசி வகுப்பில் போட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பள்ளி பஸ்ஸுக்குப் பணம் கட்ட முடியவில்லை. பத்து நாள் போகவில்லை. பதினோராவது நாள் போகக் கூச்சமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அவனுடைய நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். பெரிய சண்டை கிடையாது, பெரிய குற்றம் கிடையாது. ஒரு பிள்ளை கல்வியிலிருந்து வெளியே போக இந்த நாட்டில் இது போதும்.

அவன் நின்றதற்கும் கைதானதற்கும் நடுவில் இரண்டு வருடங்கள். அந்த இரண்டு வருடங்களில் நாம் எல்லாரும் எங்கே இருந்தோம்?

சோம்பேறிப் பிள்ளைகள் என்று சொல்லாதீர்கள்

நம் சமுதாயத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எட்டு ஏ, பத்து ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை போட்டு மேடை ஏற்றுவோம். நின்றுபோன பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "படிப்பு ஏறல, என்ன செய்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். பெற்றோரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

இது படிப்பு ஏறாத கதை அல்ல என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே அரசாங்கத்துக்குத் தெரியும். 1973-இல் முராட் முகமட் நூர் தலைமையில் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வு, பள்ளியை விட்டு நிற்பதற்கும் குடும்பத்தின் வறுமைக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை எடுத்துக் காட்டியது. அதன் பிறகுதான் ஏழை மாணவருக்கான பாடநூல் இரவல் திட்டம் போன்றவை வந்தன. நோய் எது என்று கண்டுபிடித்தவர்கள் அவர்களே.

தோட்டப்புறத்தில் இந்த நோய்க்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளி யாருக்காக? தொழிலாளியின் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும், அடுத்த தலைமுறைப் பால்வெட்டுக்கு ஆள் தயார் என்பதே கணக்கு. ஆறாம் வகுப்போடு பாதை முடிந்தது. இடைநிலைப் பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு இருந்தது. 1964-இல்தான் அது நீங்கியது. தேர்வு போனாலும் தூரம் போகவில்லை. பள்ளி பட்டணத்தில், வீடு தோட்டத்தில். மொழி மாறியது. பலருக்குப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாகப் போனது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கை மாறின, துண்டாடப்பட்டன, மேம்பாட்டுக்குப் போயின. லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. தோட்டம் போனபோது வேலை மட்டும் போகவில்லை. பிள்ளையை அதட்டிப் பள்ளிக்கு அனுப்பிய பக்கத்து வீட்டுப் பாட்டியும், யார் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவைத்திருந்த மொத்தத் தோட்டமும் போயிற்று. ஆகவே நின்றுபோன ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நூறு வருடத்துக் கணக்கு ஒன்று தீராமல் இருக்கிறது. அதை அந்தப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

தண்டனை வந்துவிட்டது, கதவு வரவில்லை

இப்போது சட்டத்துக்கு வருவோம். பெற்றோர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29A என்ற பிரிவு 2002-இல் சேர்க்கப்பட்டு 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2025-இல் நாடாளுமன்றம் அதே சட்டத்தை மறுபடியும் திருத்தி, இடைநிலைக் கல்வியும் கட்டாயம் என்று முடிவு செய்தது. அதிலும் தவறும் பெற்றோருக்குத் தண்டனை உண்டு.

இடைநிலைக் கல்வி கட்டாயம் என்பதை நாம் எதிர்க்கவில்லை. வரவேற்கிறோம். நாம் வருடக்கணக்காகக் கேட்டதுதான். ஆனால் ஒரு வழக்கறிஞனாக எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அந்த மூன்று கடிதங்களைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் பிள்ளை பள்ளிக்குத் திரும்பிவிடுவானா? 5,000 வெள்ளி அவர் எங்கே போவார்? இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. அதுவும் 2025-இல்தான் வந்தது. தோட்டத்தில் அடிபட்டுப் படுத்தவனுக்கும் நாள் கூலிக்காரனுக்கும் அந்த 1,700-உம் முழுசாகக் கைக்கு வருவதில்லை.

ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் இணைந்தது. அதன் 28-ஆவது பிரிவு, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவும், பாதியில் நிற்பது குறையவும் அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், கடமை அரசாங்கத்துக்கு. கூட்டரசு அரசியல் சாசனத்தின் 12-ஆவது பிரிவு, அரசாங்கக் கல்விக்கூடங்களில் மாணவர்களைச் சேர்ப்பதில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தால் கிடைக்கும் பொருள் ஒன்றுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசாங்கம், நின்றுபோன பிள்ளை திரும்பி வர ஒரு வழியையும் திறந்து வைத்தாக வேண்டும். ஒரு கையில் பிரம்பு இருந்தால் மறு கையில் சாவி இருக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கு வழி தெரியாதா?

தெரியும். நன்றாகவே தெரியும்.

2013-இல் கோலாலம்பூர் சௌகிட் வட்டாரத்தில் கல்வி அமைச்சு செக்கோலா பிம்பிங்ஙான் ஜாலினான் காசே என்ற பள்ளியைத் திறந்தது. வழக்கமான பள்ளியில் சேர முடியாத பிள்ளைகளுக்கும், பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கும், தெருவோரப் பிள்ளைகளுக்கும் அது. வயதைப் பார்க்காமல், பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து தொடங்கிப் பாடமும் தொழிலும் கற்றுக் கொடுக்க முடியும் என்று அது காட்டியது.

இன்னொரு பள்ளியும் இருக்கிறது. அதைச் சொல்ல மனசு வலிக்கிறது. காஜாங் சிறைச்சாலைக்குள் செக்கோலா இந்தெகிரித்தி என்ற பள்ளி நடக்கிறது. கல்வி அமைச்சின் ஆசிரியர்களே உள்ளே போய்ச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பையன்கள் எஸ்.பி.எம். எழுதுகிறார்கள், நல்ல தேர்ச்சியும் பெறுகிறார்கள். மலாக்காவில் உள்ள ஹென்றி கர்னி பள்ளியிலும் குற்றம் புரிந்த சிறுவர்களுக்குப் படிப்பும் தொழிற்பயிற்சியும் உண்டு. அந்த ஆசிரியர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வெளியே பஸ் கட்டணம் இல்லாமல் நின்ற பிள்ளைக்கு, உள்ளே போன பிறகு இருக்க இடம், சாப்பாடு, புத்தகம், ஆசிரியர் எல்லாம் கிடைக்கிறது. குற்றவாளி ஆன பிறகுதான் இந்தப் பிள்ளை கல்விக்குத் தகுதி பெறுகிறானா? சிறை மதிலுக்கு உள்ளே திறக்கிற கதவு சுங்கை புரோங்கில் ஏன் திறக்கவில்லை?

அண்டை நாடுகளைப் பாருங்கள். இந்தோனேசியாவில் பள்ளியை விட்டு நின்றவர்கள் பாக்கேட் ஏ, பி, சி என்ற சமநிலைத் தேர்வுகள் மூலம் ஆரம்பப் பள்ளி முதல் மேல்நிலை வரை சான்றிதழ் பெறலாம். பிலிப்பைன்சில் மாற்றுக் கல்வி முறைக்கென்றே 2020-இல் தனிச் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, வேலை செய்துகொண்டே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்க வழி செய்கிறது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் அல்ல இவை. நின்றவன் திரும்பி வருவான் என்று எதிர்பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் நிற்காதே என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இருக்கிற வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசாங்கத்தைக் கேட்பது ஒரு பக்கம். இன்றைக்கே கையில் இருக்கிற வழிகளை நம் குடும்பங்கள் அறியாமல் இருப்பது இன்னொரு பக்கம். வீட்டில் நின்றுபோன பிள்ளை இருந்தால் இந்தப் பகுதியை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

முதலாவது, பள்ளிக்கே திரும்புவது. பிள்ளைக்கு இன்னும் பள்ளி வயது இருந்தால் தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி இலாகாவையும் நேரில் பார்த்து, மீண்டும் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் பதில் வரும், அதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளையை நீக்கியிருந்தால் தாமதிக்காமல் மாநிலக் கல்வி இலாகாவுக்கு முறையீடு செய்யுங்கள்.

இரண்டாவது, எஸ்.பி.எம். தேர்வைத் தனிப்பட்ட முறையில் எழுதுவது. பள்ளியில் இல்லாதவர்களும் தனியார் தேர்வராகப் பதிந்து எழுத முடியும். மலாய்மொழியும் வரலாறும் தேறினால்தான் சான்றிதழ் என்பதை மறக்க வேண்டாம். அந்த இரண்டிலும் தவறியவர்கள் மறுதேர்வு எழுதலாம்.

மூன்றாவது, தொழில்திறன் சான்றிதழ். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. முதல் நிலையில் தொடங்கி மூன்றாம் நிலை வரை எஸ்.கே.எம்., அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. ஆரம்ப நிலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும், எஸ்.பி.எம். இல்லை என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. மின்கம்பி இணைப்பு, குளிர்சாதனம், வெல்டிங், வாகனப் பழுதுபார்ப்பு, சமையல், சிகையலங்காரம் எல்லாம் இதில் அடங்கும். கியாட்மாரா, சமுதாயக் கல்லூரி, இளைஞர் அமைச்சின் பயிற்சிக்கூடங்கள், மனிதவள அமைச்சின் பயிற்சிக்கூடங்கள் ஆகியவற்றில் விசாரியுங்கள். நம் பக்கத்தில் சபாக் பெர்ணமில் சமுதாயக் கல்லூரி உண்டு. அங்கே முழுநேரச் சான்றிதழுக்கு எஸ்.பி.எம். கேட்பார்கள், ஆனால் குறுகியகாலப் பயிற்சிகள் யாருக்கும் உண்டு.

நான்காவது, இது மிக முக்கியம், ஏற்கனவே வேலை தெரிந்தவர்களுக்கு உரியது. பத்து வருடமாகப் பட்டறையில் என்ஜின் இறக்குகிற அண்ணனிடம் ஒரு துண்டுச் சான்றிதழ் இருக்காது. பி.பி.டி. என்ற முறையில், வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டில் தேறினால் எஸ்.கே.எம். பெறலாம். வேலைப் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு என்று இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். ஜே.பி.கே. என்கிற திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரியுங்கள். இதை வைத்து ஏமாற்றுகிற தரகர்களும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அந்த நிலையம் ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றதா என்று இலாகாவிடமே கேளுங்கள்.

பயிற்சிக்குப் பி.டி.பி.கே. கடன் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் அது கடன். திருப்பிக் கட்ட வேண்டும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, நம்மவர்கள் தாங்களே திறந்த கதவுகள். ஷா ஆலமில் உள்ள மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் 1959-இலிருந்து ஏழைப் பையன்களுக்கு, இனம் மதம் பார்க்காமல், தங்கவைத்துத் தொழில் கற்றுக் கொடுக்கிறது. நம் வட சிலாங்கூரிலேயே, உலு சிலாங்கூர் களும்பாங்கில், மைஸ்கில்ஸ் அறவாரியத்தின் வளாகம் இருக்கிறது. வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் முன்னின்று தொடங்கிய இந்த அறவாரியம், பள்ளியை விட்டு நின்ற, தடம் மாறிப் போகவிருந்த நம் பிள்ளைகளைப் பத்தாண்டுகளுக்கு மேலாக விடுதியில் வைத்துத் தொழிலும் ஒழுங்கும் கற்றுக் கொடுத்து வருகிறது. இது போன்ற இடங்களில் முதல் பாடம் மின்கம்பி அல்ல. காலையில் நேரத்துக்கு எழுவது, கோபம் வந்தால் கையை ஓங்காமல் பேசுவது, "என்னால் முடியாது" என்று பத்து வருடமாக மனதில் பதிந்துபோனதை அழிப்பது. அதன் பிறகுதான் தொழில் ஏறும். பழைய பள்ளிக்கூடத்தையே மறுபடியும் நடத்தினால் பிள்ளை மறுபடியும் ஓடிவிடுவான்.

ஆனால் களும்பாங் பேராக் எல்லைப் பக்கம், சுங்கை புரோங் கடலோரத்தில். எல்லாப் பிள்ளையும் அங்கே போய்ச் சேர முடியாது. ஓர் அறவாரியம் நன்கொடை திரட்டி நடத்துகிற வேலையை அரசாங்கத்தின் கடமைக்கு ஈடாக வைக்கவும் முடியாது. நம்மவர்களின் தொண்டு, அரசாங்கம் கைகழுவுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

நாம் கேட்பது என்ன?

நான்கு கோரிக்கைகள். நான்கும் எளியவை.

ஒன்று, பெயர்ப் பட்டியல். ஒவ்வோர் இடைநிலைப் பள்ளியும் இடையில் நின்ற மாணவர்களைப் பெயர் பெயராகப் பின்தொடர வேண்டும். நின்றபின் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதற்கு மாவட்டக் கல்வி இலாகா பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும்.

இரண்டு, கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களுக்குப் பொதுவாக ஓர் அரசாங்க மாற்றுப் பள்ளி. விடுதியோடு, எஸ்.பி.எம்., எஸ்.கே.எம். இரண்டுக்கும் வழியோடு. சௌகிட்டில் செய்ததை இங்கே செய்யுங்கள்.

மூன்று, முதலில் இடம், பிறகு வழக்கு. திரும்பப் படிக்க ஓர் இடம் கொடுத்து, அதைப் பெற்றோர் வேண்டுமென்றே மறுத்தார்கள் என்று நிரூபிக்கும் வரை எந்தத் தாய் தந்தையையும் கட்டாயக் கல்விச் சட்டத்தில் நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது.

நான்கு, பெற்றோருக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தில் தமிழிலும் நான்கு வரி சேருங்கள், ஒரு தொலைபேசி அழைப்பும் செய்யுங்கள். இதற்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு பிள்ளையைச் சிறையில் வைத்துச் சோறு போடும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது யாரிடமும் கையேந்திக் கேட்கும் சலுகை அல்ல. மலாய்க் கம்பத்துப் பிள்ளைக்கும், செகிஞ்சான் மீனவர் வீட்டுச் சீனப் பிள்ளைக்கும், தோட்டத்து ஒராங் அஸ்லி பிள்ளைக்கும் சேர்த்தே கேட்கிறோம். உரிமை என்றால் எல்லாருக்கும் உரிமை.

நீங்கள் செய்ய வேண்டியது

தாய்மார்களே, பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் செயலாளர், பக்கத்து வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிற பெண், யாராக இருந்தாலும் சரி. தெரியாது என்பதில் வெட்கம் இல்லை.

தகப்பன்மார்களே, 15 வயதுப் பையன் நாளுக்கு ஐம்பது வெள்ளி கொண்டு வருகிறான் என்று சந்தோஷப்படாதீர்கள். 1966-ஆம் ஆண்டுச் சிறார் மற்றும் இளையர் வேலைச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரையும் ஆபத்தான வேலையில் வைக்கத் தடை விதிக்கிறது. அந்த ஐம்பது வெள்ளியில் இ.பி.எஃப். இல்லை, சொக்சோ இல்லை. லோரியிலிருந்து விழுந்தால் கேட்க ஆள் இல்லை.

பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லையென்றால் அதை முதலில் கவனியுங்கள். 12 வயதில் மைகார்ட் எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் தேர்வும் சிக்கல், பயிற்சி நிலையமும் சிக்கல், வேலையும் சிக்கல்.

கோயில் நிர்வாகத்தினரே, இளைஞர் மணிமன்றத்தினரே, இந்த வருடம் திருவிழாக் கணக்கோடு இன்னொரு கணக்கும் எடுங்கள். உங்கள் வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயர், வயது, நின்ற படிவம். ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். அந்தப் பட்டியல் இல்லாமல் நாம் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனால், "எத்தனை பேர்?" என்ற முதல் கேள்விக்கே வாயடைத்து நிற்போம். பட்டியலோடு போனால் அவர்தான் பதில் தேட வேண்டும். பிள்ளைகளின் பெயர் வெளியே பரவாமல் பொறுப்பான ஒருவர் கையில் அந்தப் புத்தகம் இருக்கட்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நீதிமன்றம் அவருடைய மகனை நன்னடத்தைப் பிணையில் விட்டது. ஒரு பயிற்சி நிலையத்தில் இடம் கிடைக்கப் பல மாதம் அலைந்தோம். இப்போது எஸ்.கே.எம். இரண்டாம் நிலை, மின்கம்பி இணைப்பு. போன தீபாவளிக்குத் தன் வீட்டுச் சுவிட்சுகளை அவனே மாற்றினான் என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னார். அதே வரிசையில் அவனோடு பள்ளியை விட்டு நின்ற இன்னொரு பையனுக்கு நாங்கள் தேடியும் இடம் கிடைக்கவில்லை. அவன் இன்னமும் லோரியில்தான் போகிறான்.

இருவரில் ஒருவன் தப்பித்தான், அதிர்ஷ்டத்தால். ஒரு பிள்ளையின் கல்வி அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. "இனிமே படிக்க முடியுமா?" என்று ஒரு தாய் கேட்டால், "முடியும் அம்மா, அதோ அந்த இடத்துக்குப் போங்கள்" என்று கைகாட்ட ஓர் இடம் வேண்டும். அது கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

பெயர்ப் பட்டியலை இந்த வாரமே தொடங்குங்கள்.